எல்லைப்புறப் பிள்ளைகளும் ஏ, பி, சி, டி-யும்

கல்லூரி நாட்களைப் பற்றி இந்த மலரில் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஹாஸ்டல் சாம்பார், கடைசி பெஞ்சு, ஸ்ட்ரைக், கல்ச்சுரல்ஸ் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் இன்னும் கொஞ்சம் பின்னால் போகிறேன். நாமெல்லாம் கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்பே நம்மை ஒரு கை பார்த்துவிட்ட பாடம் ஒன்று உண்டு. அதுதான் இங்கிலீஷ். நம் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்த வரலாறு சுவையானது. கொஞ்சம் வேதனையானதும் கூட.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்றால் போதும். பூக்கார அம்மா தெலுங்கில் விலை சொல்லுவார். வாங்குகிறவர் கன்னடத்தில் பேரம் பேசுவார். பழ வண்டிக்காரர் பக்கத்து வண்டிக்காரரிடம் உருதுவில் சில்லறை கேட்பார். கண்டக்டர் தமிழில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்பார். யாருக்கும் யாருடைய பேச்சும் புரியாமல் போவதில்லை. இந்தக் கூட்டத்தில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டு மொழி நன்றாக வரும், மூன்றாவது அரைகுறையாக வரும். ஒரு வாத்தியாரும் சொல்லிக் கொடுத்ததில்லை!

இதே பிள்ளை பள்ளியில் பத்து வருஷம் இங்கிலீஷ் படிக்கிறது. பிறகு ஒரு கம்பெனி இன்டர்வியூவில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டால் வாய் திறக்க முடியாமல் நிற்கிறது. ஏன்? மொழி வராத பிள்ளையா இது? இந்தக் கேள்விக்கு வரலாற்றில் பதில் இருக்கிறது.

மன்றோ போட்ட கணக்கு

1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி, கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஓசூர்ப் பகுதி 1799க்குப் பிறகு சேர்ந்தது. பாராமகாலை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடின் கீழ் உதவியாளராக இருந்தவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை கவர்னர் ஆனாரே, அதே மன்றோதான். ஏழு ஆண்டுகள் இந்த மண்ணில் ரயத்துகளோடு பழகியவர்.

கவர்னரான பிறகு, 1822ல், மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. இவை திண்ணைப் பள்ளிகள். தமிழ், தெலுங்கு என்று அந்தந்த ஊர் மொழியில் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவை. 1826ல் மன்றோ ஒரு திட்டம் போட்டார்: ஒவ்வொரு மாவட்டத்திலும் தலைமைப் பள்ளிகள், ஒவ்வொரு தாசில்தாரியிலும் ஒரு பள்ளி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி. அடுத்த வருஷமே காலராவில் இறந்துபோனார். 1835ல் மெக்காலே தம் புகழ்பெற்ற குறிப்பை எழுதினார். 1836ல் மன்றோவின் பள்ளித் திட்டம் கைவிடப்பட்டது.

அதன் பின் கதை நமக்குத் தெரிந்ததே. 1854ல் உட் அறிக்கை, 1857ல் சென்னைப் பல்கலைக்கழகம், அதன் மெட்ரிகுலேஷன் பரீட்சை. ஆங்கிலத்தில் தேறாமல் மெட்ரிக் கிடையாது. மெட்ரிக் இல்லாமல் சர்க்கார் உத்தியோகத்துக்கு வழி கஷ்டம். ஆக, நம் ஊருக்கு இங்கிலீஷ் ஒரு பேச்சு மொழியாக வரவில்லை. பரீட்சையாக வந்தது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க இதைச் சுற்றித்தான்.

தொரப்பள்ளிப் பையன்

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி. அங்கே கிராம முன்சீப் வீட்டில் 1878 டிசம்பர் 10ல் பிறந்தார் ராஜாஜி. கிராமப் பள்ளி, பிறகு ஓசூர், பிறகு பெங்களூர் சென்ட்ரல் காலேஜ், அதன் பின் சென்னையில் சட்டம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கும் கன்னடமும். பெங்களூர் மைசூர் சமஸ்தானத்து எல்லைக்குள் இருந்தாலும், மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916ல்தான் வந்தது. அதுவரை சென்ட்ரல் காலேஜ் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. படிப்புக்காக எல்லை தாண்டி அந்த நாற்பது கிலோமீட்டர் போவது நம் வட்டாரத்தில் அன்று தொடங்கிய பழக்கம். இன்றும் காலை பஸ்ஸில் பார்க்கலாம்.

ராஜாஜி மகாபாரதத்தைத் தமிழில் 'வியாசர் விருந்து' என்று எழுதினார், ஆங்கிலத்திலும் கொடுத்தார். இரண்டும் இன்றுவரை விற்கின்றன. 1938ல் முதலமைச்சராக இருந்து பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவரும் அவரே. 1950களின் பிற்பகுதியில் ஆட்சி மொழியாக ஆங்கிலம் நீடிக்கவேண்டும் என்று ஓங்கிக் குரல் கொடுத்தவரும் அவரே. அவருடைய அரசியலை விட்டுவிடுவோம். எல்லைப்புறத்துப் பையன் ஒருவனுக்கு நாலு மொழி தலையில் ஏறும், அதில் ஒன்று இங்கிலீஷாகவும் இருக்கலாம் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது.

ஆனால் ஒன்று. அவர் காலத்தில் மெட்ரிக் வரை வந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். பள்ளிகள் எல்லோருக்கும் திறந்தபோதுதான் உண்மையான சோதனை ஆரம்பித்தது.

பாதியில் நின்றவனுக்கு என்ன மிச்சம்?

இந்தக் கேள்வியை முதலில் உரக்கக் கேட்டவர் மைக்கேல் வெஸ்ட். வங்காளத்தில் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். 1926ல் இருமொழியம் பற்றி அவர் எழுதிய நூலில் இன்ஷூரன்ஸ் உலகத்துச் சொல் ஒன்றைப் பயன்படுத்தினார்: 'சரண்டர் வேல்யூ'. பாலிசியைப் பாதியில் நிறுத்தினால் கைக்கு என்ன கிடைக்கும்? அதுபோல, பள்ளியைப் பாதியில் நிறுத்தும் பிள்ளையின் கையில் எவ்வளவு இங்கிலீஷ் மிஞ்சும்? பெரும்பாலான பிள்ளைகள் கடைசிப் பரீட்சை வரை வருவதில்லை. பாடமோ கடைசிப் பரீட்சையை நினைத்தே எழுதப்பட்டிருக்கிறது. அப்படியானால் நடுவில் போகிறவனுக்குக் கிடைப்பது பூஜ்யம்தானே என்றார். எளிய சொற்களில் எழுதிய வாசிப்புப் புத்தகங்களையும் போட்டார். நெஸ்ஃபீல்டு இலக்கணமும், பின்னர் ரென் அண்டு மார்ட்டினும் கோலோச்சிய காலத்தில் இது புதுக்குரல்.

பனி உருண்டை

1956 நவம்பரில் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது ஓசூர் சென்னை மாநிலத்திலேயே இருந்தது. அப்போது நாம் சேலம் மாவட்டம். (தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2ல் பிரிந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9ல்.)

அந்த 50களின் கடைசியில் சென்னை மாநிலத்தில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. இங்கிலீஷ் ஆரம்ப வகுப்பு எடுக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் புது முறையில் பயிற்சி கொடுப்பது. பிரிட்டிஷ் கவுன்சில் துணை நின்றது. முதலில் ஒரு சிறு குழுவுக்குப் பயிற்சி. அவர்கள் தங்கள் பகுதிக்குப் போய் மற்றவர்களுக்குப் பயிற்சி. அவர்கள் இன்னும் சிலருக்கு. பனி உருண்டை மலையிலிருந்து உருண்டு பெரிதாகிற மாதிரி என்று இதற்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்றே பெயர் வைத்தார்கள். பனியே பார்க்காத ஊரில் பனி உருண்டை!

புது முறை என்ன? வாக்கிய அமைப்பு முறை. இலக்கண விதியை ஒப்பிக்க வேண்டாம். சுலபமானதிலிருந்து கடினமானது வரை வரிசைப்படுத்திய வாக்கியங்களை, ஆசிரியர் செய்து காட்டிச் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டும். "திஸ் ஈஸ் எ புக். தட் ஈஸ் எ டோர்." ஆசிரியர் கதவை நோக்கி நடந்தபடியே "ஐ ஆம் வாக்கிங் டு த டோர்" என்பார். நம் மூத்த உறுப்பினர்கள் பலருக்கு இந்தக் காட்சி நினைவுக்கு வரும். புரியாத செய்யுளை உருப்போட்ட காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம் என்றால் மிகையாகாது.

ஆனால் உருண்டை உருண்டு வரவர இளகவும் செய்யுமே! மேலே ஒருவர் வாரக்கணக்கில் கற்றது, கீழே வரும்போது சில நாள் வகுப்பாகச் சுருங்கும். செய்து காட்டுவது போய், கோரஸாகக் கத்துவது மட்டும் மிஞ்சும். கதவு அங்கேயே இருக்கும். யாரும் நடக்க மாட்டார்கள். வாக்கியம் மட்டும் நடக்கும். அடுக்கடுக்காகப் பயிற்சி கொடுக்கும் எந்தத் திட்டத்துக்கும் இன்றுவரை உள்ள சிக்கல் இது.

1963ல் தென் மாநிலங்களுக்காகப் பெங்களூரில் மண்டல ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. 1968 ஜனவரி 23ல் அண்ணா ஆட்சியில் தமிழ்நாடு சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை நிறைவேற்றியது: தமிழ், ஆங்கிலம். அன்று முதல் கிராமத்துப் பிள்ளைக்கும் இங்கிலீஷ் தவிர்க்க முடியாத பாடம். 'எந்த வகுப்பில் ஆரம்பிப்பது' என்ற வாதம் மட்டும் தொடர்ந்தது. நம்மில் பலருக்கு மூன்றாம் வகுப்பில்தான் ஏ, பி, சி, டி. இன்றைய பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலேயே.

நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு புரட்சி

இனிமேல் சொல்லப்போவது நம் மாணவர்கள் பலர் கேள்விப்படாதது. உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இன்று 'பெங்களூர் புராஜெக்ட்' என்று ஒரு பாடம் உண்டு. நம் பக்கத்து ஊர்ப் பெயரில்!

சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ்.பிரபு, பெங்களூர் மண்டல ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து 1979 முதல் 1984 வரை நடத்திய சோதனை அது. மொத்தமே எட்டு வகுப்புகள்தான். பெங்களூர், சென்னை, கடலூர் போன்ற ஊர்களின் சாதாரணப் பள்ளிகள். பிள்ளைகளின் வயது எட்டிலிருந்து பதினைந்துக்குள்.

வாக்கிய அமைப்பு முறை இருபது வருஷம் நடந்தும், வகுப்பில் சரியாகச் சொல்லும் பிள்ளை வெளியே வந்தால் சொல்ல முடியவில்லையே, ஏன்? இதுதான் பிரபுவுக்கு வந்த சந்தேகம். அவர் சொன்ன பதில்: மனசு வாக்கியத்தின் மேல் இருக்கும்போது மொழி வருவதில்லை, மனசு ஒரு விஷயத்தின் மேல் இருக்கும்போது மொழி தானாக உள்ளே போகிறது. ஆகவே வகுப்பில் இலக்கணப் பாட்டே கிடையாது. ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம், பள்ளி டைம்டேபிள் மாதிரி ஒன்றைக் கொடுத்து ஒரு புதிர் போடுவார்கள். ஆசிரியர் முதலில் வகுப்போடு சேர்ந்து ஒன்றை விடுவிப்பார்; அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளை தனியாக விடுவிக்கும். விடை சரியா என்பதற்குத்தான் மார்க். ஸ்பெல்லிங்குக்கு அடி கிடையாது.

1985ல் ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் வெளியிட்ட மதிப்பீட்டில், பழைய முறை வகுப்புகள் வாக்கிய அமைப்புச் சோதனையிலும், புது வகுப்புகள் புதிர் வகைச் சோதனையிலும் முந்தின. இரு தரப்புக்கும் பொதுவான சோதனைகளில் மொத்தத்தில் புது வகுப்புகளின் கை ஓங்கியிருந்தது. 1987ல் பிரபுவின் புத்தகம் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. செயல்வழி மொழி கற்பித்தல் என்று இன்று உலகெங்கும் பேசப்படுவதன் முன்னோடிகளில் ஒன்று இதுதான்.

குறையும் உண்டு, மறைக்கக் கூடாது. திட்டத்தோடு நெருங்கி இருந்தவர்கள் எடுத்த வகுப்புகள் நன்றாக நடந்தன. அந்தந்தப் பள்ளியின் வழக்கமான ஆசிரியர்களுக்கு இது கஷ்டமாக இருந்தது. கேள்வி எந்தப் பக்கம் போகும் என்று தெரியாத வகுப்பில், ஆசிரியருக்கே தாராளமாக இங்கிலீஷ் வர வேண்டும். அதற்கு மேல், வருஷக் கடைசியில் பொதுத்தேர்வு என்னவோ பழையபடியே எழுத்துத் தேர்வு. "சார், இது எக்ஸாமுக்கு வருமா?" என்று ஒரு பையன் கேட்டால் போதும், எந்தப் புரட்சியும் பெஞ்சில் உட்கார்ந்துவிடும். கைடு கட்டுரையை மனப்பாடம் பண்ணினவன் அறுபது மார்க் வாங்குகிறான். சொந்தமாக நாலு வரி தப்பும் தவறுமாக எழுதினவன் ஃபெயில். யார்தான் சொந்தமாக எழுதுவான்?

சிப்காட் சைரன்

அதே காலத்தில்தான் நம் ஊரின் முகம் மாறியது. 1971ல் தொடங்கிய சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. 1980 வாக்கில் டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்ட் லாரியும் இங்கே தயாராகத் தொடங்கின. 1984ல் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்த டைட்டன், சுற்று வட்டாரத்தில் பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்துக் கடிகாரம் செய்யப் பழக்கியது. சமீபத்தில், 2020க்குப் பிறகு, செல்போன் பாகங்களும் மின்சார ஸ்கூட்டரும் நம் மாவட்டத்திலேயே தயாராகின்றன. அந்த வேலைகளில் ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள்.

தொழிற்சாலை வேறு ஒரு இங்கிலீஷைக் கொண்டுவந்தது. ஷிப்டு, ஸ்பேனர், கேஜ், டாலரன்ஸ், ரிஜெக்‌ஷன், ஓவர்டைம், ஜாப் கார்டு. எட்டாவதோடு நின்ற நம் ஊர்க்காரர், "எனக்கு இங்கிலீஷ் சுத்தமா வராதுங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு நாளைக்கு இருநூறு ஆங்கிலச் சொற்களைத் தப்பில்லாமல் பயன்படுத்துவார். எப்படி வந்தது? வேலையோடு வந்தது. தப்பாகப் புரிந்தால் மெஷின் நிற்கும். ஆகவே சரியாகப் புரிந்தது. பிரபு எட்டு வகுப்புகளில் நிரூபிக்கப் பார்த்ததை நம் ஷாப் ஃப்ளோர் எந்தப் புத்தகமும் படிக்காமல் செய்துகொண்டிருந்தது!

அதைப் பார்த்த பெற்றோர்கள் என்ன முடிவுக்கு வந்தார்கள்? இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தால் இங்கிலீஷ் வந்துவிடும் என்று. 80களிலும் 90களிலும் தெருவுக்குத் தெரு நர்சரி, மெட்ரிகுலேஷன் போர்டு தொங்கியது. தாலியை அடகு வைத்து ஃபீஸ் கட்டின தாய்மார்கள் உண்டு. 2011ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சமச்சீர்க் கல்வி முழுமையாக வந்தது. 2012க்குப் பிறகு அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. ஆனால் மீடியம் மாறினால் மட்டும் போதாது. புரியாத பாடத்தைத் தமிழில் உருப்போட்ட பிள்ளை, இப்போது இன்னும் புரியாத பாடத்தை ஆங்கிலத்தில் உருப்போடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம் என்றால் தாலி மீண்டும் கழுத்துக்கு வருமா?

நாலு மொழிக்கும் ஒரே மேடு

எல்லைப்புறப் பள்ளிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006ல் வந்த பிறகு, தெலுங்கு, கன்னடம், உருது வழியில் படிக்கும் பிள்ளைகளும் தமிழ் படிக்க வேண்டும். விலக்குக் கேட்டு வழக்குகள் நடந்தன. அந்தப் பிள்ளைக்கு இங்கிலீஷ் மூன்றாவதோ நாலாவதோ மொழி. "பாவம், குழந்தைக்கு இத்தனை பாரமா?" என்று கேட்கிறோம். பாரம்தான், ஆனால் அதற்குள்ளேயே ஒரு சொத்தும் இருக்கிறது. அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

ஓர் உதாரணம். தமிழில் "எனக்குப் பசிக்குது". தெலுங்கில் "நாகு ஆகலிகா உந்தி". கன்னடத்தில் "நனகெ ஹசிவாகிதெ". உருதுவில் "முஜே பூக் லகி ஹை". நாலிலும் பசி 'எனக்கு' வருகிறது. ஆங்கிலத்தில் மட்டும் 'நான்' பசியாக இருக்கிறேன்: "ஐ ஆம் ஹங்ரி". நாலு மொழியிலும் வினை கடைசியில், ஆங்கிலத்தில் நடுவில். நாலு மொழியிலும் 'மேல்', 'உள்ளே' என்பது பெயருக்குப் பின்னால், ஆங்கிலத்தில் முன்னால். 'ஏ', 'தி' என்ற சமாச்சாரம் நாலிலும் கிடையாது. அப்படியென்றால் ஒரே வகுப்பில் நாலு வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தாலும் ஏற வேண்டிய மேடு ஒன்றுதான்! ஆசிரியர் ஒரே பாடத்தில் எல்லோரையும் ஏற்றிவிடலாம். தெலுங்கு, கன்னட வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு வசதியும் உண்டு. தமிழில் 'ப' ஒரே எழுத்து; அவர்கள் எழுத்திலோ 'பின்', 'பாலி' என்ற இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்துகள். அவர்களைத் தமிழ்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் 'பென்'னும் 'பெல்'லும் சொல்லச் சொன்னால், வாத்தியார் வேலையில் பாதி முடிந்தது.

புதிர்களுக்கும் பஞ்சமில்லை. 'முதல் ஷிப்டு காலை ஆறு மணிக்கு. பஸ்ஸில் நாற்பது நிமிஷம், கேட்டுக்கு நடந்துபோக ஐந்து நிமிஷம். அப்பா எந்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்?' ரோஜாப்பூக் கட்டு விலை, கிருஷ்ணகிரி மாம்பழ வண்டி வாடகை, ஓசூர் மேம்பாலத்து நெரிசல் என்று எதை வேண்டுமானாலும் வகுப்புக்குள் கொண்டுவரலாம். ஒரு பைசா செலவில்லை.

அரசு இப்போது சும்மா இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022ல் முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்', அதே ஆண்டு கல்லூரி மாணவர்களுக்கு 'நான் முதல்வன்' ஆகியவை தொடங்கப்பட்டன. நல்ல காரியங்கள். ஆனால் பனி உருண்டையின் பாடத்தை மறக்கக் கூடாது. கடைசி வகுப்பறைக்குப் போய்ச் சேரும்போது எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே கணக்கு.

தம்பி, தங்கைகளுக்கு

இப்போது நம் கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளே! இன்டர்வியூவில் திணறியதால் "எனக்கு மூளை இல்லை" என்று நினைக்காதீர்கள். மூன்று மொழியைத் தெருவிலேயே பிடித்த மூளை அது. உங்களுக்கு இங்கிலீஷைப் பரீட்சையாகக் கொடுத்தார்கள், பேச்சாகக் கொடுக்கவில்லை. அதனால் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். தப்பாகப் பேசுங்கள், பஸ் ஸ்டாண்டில் நீங்கள் கன்னடம் பழகியதும் தப்பாகப் பேசித்தான்.

ஊர் ஊராக ஆசிரியராகவும், சூப்பர்வைசராகவும், மேனேஜராகவும் இருக்கும் நம் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, உங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் போய் உட்காருங்கள். கையில் இலக்கணப் புத்தகம் வேண்டாம். ஒரு பஸ் கால அட்டவணை போதும். எட்டாவதோடு நிற்கப்போகும் பிள்ளையின் கையிலும் ஏதோ கொஞ்சம் மிஞ்சட்டும்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!